நாள் வாடகை

சீட்டு எனக்கு மூன்றாம் மாதமே விழுந்தது,
கழிவு போக நாற்பத்தெட்டாயிரம்.
அம்மா கூரைத் தகரம் என்றாள்.
நான் நான்கு அட்டை வாங்கினேன்,
கையில் பிடிக்க முடியாத அட்டைகள்:
பனிக்கழுகு, எலும்புத் தச்சன், இரட்டைநாக்கு ராணி,
கொசுறு மாதிரி ஒரு சேற்றுத் தவளை.

பொகவந்தலாவையில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே
போட்டோக் கொப்பிக் கடையில் எனக்கு வேலை.
பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈ.பி.எஃப். படிவம்,
கண்ணாடிக்கடியில் வெளிச்சம் ஒருமுறை போய் வருவதற்குள்
போனைத் திறந்து பார்ப்பேன்.
கழுகு, நாளுக்கு இருபது நாணயம், எடுத்தாயிற்று.
தச்சன் பதினாலு, எடுத்தாயிற்று.
ராணி பத்து.
தவளையைச் சும்மா கொடுத்தாலும் ஆளில்லை.

கழுகை எடுத்தவன் பெயர் சாம்பல்நரி எழுபத்தேழு.
எந்த நாடோ.
ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது,
'அவன்' என்று எழுதிப் பழகிவிட்டது.
நான் தூங்கும் நேரம் அவன் சண்டைக்குப் போகிறான்,
என் கழுகைத் தோளில் ஏற்றிக்கொண்டு.
விடிந்தால் இருபது.
கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

கரண்ட் போன ஒரு மத்தியானம்
மிஷின் மௌனமாக, தெரு முழுக்கப் பனிமூட்டமாக,
அவனுடைய ஆட்டக் கணக்கைத் திறந்தேன்.
யாரும் பார்க்கலாம், பூட்டில்லை.
வரிசையாகப் பதினாறு தோல்வி.
பதினேழாவதில் வென்று மூன்று நாணயம்.
அன்றும் எனக்கு இருபது வந்திருந்தது.

நிறை குறைந்த நாளில்
விஜிதா அக்காவுக்கு அரைப்பேர் போட்டது ஞாபகம் வந்தது.
வந்தது, அவ்வளவுதான்.
பருவம் முடிய இரண்டு நாள் இருந்தது,
எல்லோருக்கும் அட்டை வேண்டிய நேரம்.
அவன் தவணை அன்றிரவு தீர்ந்தது.
இருபதை அழித்து முப்பத்தாறு போட்டேன்.
அவன் எடுத்தான்.

பருவம் முடிந்த மறுநிமிடம் விட்டுவிட்டான்.
கழுகு பத்தொன்பது நாள் சும்மா கிடந்தது.
எட்டுக்கு இறக்கினேன்.

போன் திருத்தும் ஜொய்சன் கேட்கிறான்,
"லாபமா இல்லையா, ஒரே சொல்லில் சொல்லு."
ஏழு மாதக் கொப்பியை விரித்தேன்.
வந்த நாணயம் எண்ணாயிரத்து நானூறு.
வாங்கும்போது நாணயம் ஒன்று ஆறு ரூபாய்,
அதே விலை நின்றிருந்தால் முதல் திரும்பி மேலேயும் மிச்சம்.
இன்றைக்கு ஒரு ரூபாய் நாற்பது சதம்.
அட்டை நான்கையும் விற்றால் பதினேழாயிரம்,
வாங்க ஆள் வந்தால்.
கூட்டிக் கழித்தால் கையைவிட்டுப் போனது
பத்தொன்பதாயிரத்து இருநூற்று நாற்பது.
டேட்டாவுக்குப் போட்ட காசை நான் எழுதவேயில்லை.
"ஒரே சொல் கேட்டேன்" என்றான்.

கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு
இந்த மலையை வைத்திருந்தவர்களில்
மலையைக் கண்ணால் பார்க்காதவர்களும் இருந்திருப்பார்கள்.
அவர்கள் கொப்பியிலும் இப்படித்தான் ஒரு வரி:
மாதம், வரவு, கழிவு.
அந்த ஆட்டத்தை நானும் ஒருநாள் ஆடியதில்லை.

அன்றிரவு ஆடினேன். தவளையோடு.
ஒருமுறை குதித்தது. நாற்பது விநாடிதான்,
திரை சிவந்தது.
எதற்குச் செத்தது என்றுகூட விளங்கவில்லை.

நேற்றுக் காலை ஒரு விலை வந்திருந்தது.
கழுகை மொத்தமாய்த் தருவாயா, பதினோராயிரம்.
சாம்பல்நரி எழுபத்தேழு.

கொப்பியைப் புரட்டி அவன் பெயருக்கு நேரே கூட்டினேன்.
அந்தந்த நாள் விலைக்குப் பார்த்தால்
அவன் அதை ஏற்கெனவே வாங்கி முடித்துவிட்டான்.

ஒரு ஐயா வந்து நின்றார்,
மரணச் சான்றிதழ், மூன்று பிரதி.
மூடியை இறக்கிப் பொத்தானை அமர்த்தினேன்.
வெளிச்சம் போனது, வந்தது.
பதில் இன்னும் போடவில்லை.
பன்னிரண்டு கேட்டுப் பார்க்கலாம்,
தவளையையும் சேர்த்து.