கூட வந்தவர்

வாசலில் நின்ற பெண்மேல் தப்பில்லை.
முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்,
காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லிக் களைத்தவை.
"தாய் மட்டும்" என்றாள்.
லோர்னாவை முதன்முதலில் தாய் என்றவள் அவள்தான்.
நான் 'கூட வந்தவர்'.
கூட வந்தவர் காரில் காத்திருக்கலாம்.

ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள்.
வழியெல்லாம் ஒவ்வொரு வேகத்தடைக்கும்
என்னைத் திட்டிக்கொண்டே வந்தவள்
கண்ணாடிக் கதவுக்குள் போனதும் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்தால் அழுகை வரும்,
அழுதால் அதுவும் சேர்ந்து வந்துவிடும் என்று
பிறகு சொன்னாள்.

கிரிம்ஸ்பி. அக்டோபர். மீன் வாடையோடு தூறல்.
சாலைக்கு எதிர்ப்புறம் மதுக்கடை திறந்திருக்கிறது.
ஒரு மேசைக்கு ஆறு பேர் வரை அனுமதி.
சனிக்கிழமை அங்கே ஊர் பேர் தெரியாத ஒருவன்
என் தட்டுக்கு நேராகத் தும்மினான்.
அதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது.
ஒரு நாற்காலிக்கு இல்லை.

போன வருஷம் அந்த நாற்காலி இருந்தது.
பதினோராவது வாரம். அவள் கையைப் பிடித்திருந்தேன்.
பிடித்ததால் என்ன ஆகிவிட்டது என்று கேட்டால்
ஒன்றும் ஆகவில்லை.
கை இருந்தது. அவ்வளவுதான்.

வண்டி நிறுத்துமிடம் முழுக்க ஆண்கள்,
வைப்பர் அசையும்போது தெரிந்து
அசையாதபோது கரைந்து.
பக்கத்து வெள்ளை வேனில் எழுதியிருந்தது:
ஹெஸ்லப் அண்ட் சன்ஸ், குழாய் வேலை.
உள்ளே இருந்தவன் அந்த மகன்களில் ஒருவனாக இருக்க வேண்டும்,
இருபத்தைந்து வயதுகூட இராது.
கண்ணாடியை இறக்கி, "எத்தனை வாரம்?" என்றான்.
"இருபது. உங்களுக்கு?"
"பன்னிரண்டு. முதல் தடவை."
சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துவிட்டான்.

கதவு திறந்தது. லோர்னா இல்லை.
பச்சைக் கோட்டு அணிந்த ஒரு பெண்.
வெளியே வரும் எல்லோர் கையிலும்
வழவழப்பான ஒரு சின்னத் தாள் இருக்கும்,
ஒரு மணி நேரமாகப் பார்க்கிறேன்,
மழைபடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள்.
இவள் கையில் பழுப்பு உறை.
அதை நனையவிட்டாள்.
நூறு அடி தூரம்.
விளிம்புவரை நிரம்பிய பாத்திரம்போல
ஒரு வாக்கியத்தை ஏந்திக்கொண்டு
சிந்திவிடாமல் நடந்தாள்.

அவன் குனிந்து, கீழே விழுந்த எதையோ தேடிக்கொண்டிருந்தான்.
அவன் வாழ்க்கையில் நடந்தது
அவனுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.
ஹார்ன் அடிக்கவா? எதற்கு?
நிமிராதே, இன்னும் கொஞ்சம் தேடு
என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

வேன் ஒருமுறை குலுங்கியது.
பிறகு இல்லை.

லோர்னா ஓடிவந்தாள், தாளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு.
நான் தலையை மட்டும் அசைத்தேன்.
அவள் வேனைப் பார்த்தாள்.
தாளைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.
"துடிக்கிறது" என்றாள்,
அடுத்த வீட்டு ரகசியத்தைச் சொல்வதுபோல்.
"எப்படி?"
இரண்டு விரலால் என் முழங்காலில் தட்டிக் காட்டினாள்,
உள்ளே கேட்ட அதே வேகத்தில்,
விரல் வலிக்கும்வரை.

அவர்கள் கிளம்பவில்லை.
எஞ்சினை முடுக்க எனக்கும் கை வரவில்லை.
மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர்
ஒவ்வொரு வண்டியாகச் சீட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.
வேனின் சீட்டு இன்னும் பத்து நிமிஷத்தில் முடிகிறது.

இயந்திரத்துக்கு ஓடி இன்னொரு சீட்டு எடுத்தேன்.
சாண்ட்விச் சுற்றிவந்த காகிதத்தில் மடித்து
அவர்கள் வைப்பருக்கு அடியில் வைக்கும்போது
உள்ளே பார்க்கவில்லை.
ஒரு மணி நேரம்தான் வாங்க முடிந்தது.
சில்லறை அவ்வளவுதான் இருந்தது.