இரவு ஒன்பது மணி

கிலோமீட்டர் முந்நூற்றுப் பன்னிரண்டில்
மூன்று கூடாரம், ஒரு தண்ணீர்த் தொட்டி,
வெல்டிங் எந்திரம், பதினோரு ஆட்கள்.
சகாராவின் நடுவே மொரித்தானியாவின்
இரும்புத்தாது ரயில் வருமுன்
தண்டவாளம் முதலில் முனகும், பிறகு அலறும்.
அது போனபின் வெகுநேரம்
பதினோரு பேரும் ஒரே நிறம்.

சேர்ந்த முதல் வாரம்
மேஸ்திரி தெத்தா கேட்டான்,
குத்தல் ஏதுமில்லாமல்,
சாப்பிட்டாயா என்பதுபோல:
"நீ எப்போது தொழுவாய்?"

ஞானஸ்நானம் பெற்றவன்தான்.
கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆலயம் போனவன்.
கடைசியாக நான் முழங்காலிட்டது
கட்டிலுக்கடியில் உருண்ட திருகாணிக்காக.
"ராத்திரி ஒன்பதுக்கு" என்றேன்.
ஏன் ஒன்பது என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றிரவு ஒன்பதுக்கு
ஹமாதி வானொலியை அணைத்தான்.
யெஸ்லெம் சீட்டுக்கட்டைத் தொடைக்கடியில் செருகினான்.
தெத்தா கூடாரத் துணியை விலக்கி
வெளியே கைகாட்டினான்:
போ, உன் நேரம்.

போனேன். வேறென்ன செய்ய?
தண்டவாளத்தில் உட்கார்ந்து
சம்பளத்தில் மிச்சத்தைக் கணக்கிட்டேன்.
சிகரெட் பற்றவைக்கவும் பயம்,
நெருப்பு தெரிந்துவிடுமே.
கால்மணி கழித்துத் திரும்பினால்
எனக்கென்று மூடிவைத்த ஒரு தேநீர்.
"இறைவன் ஏற்றுக்கொள்ளட்டும்" என்றான் தெத்தா.
எதை என்று நான் கேட்கவில்லை.

மணற்புயல் அடித்த ஓர் இரவு,
தப்பித்தேன் என்று போர்வைக்குள் கிடந்தேன்.
தெத்தா தன் தலைத்துணியை அவிழ்த்து
என் மூக்கையும் வாயையும் சேர்த்துச் சுற்றிவிட்டு
வாசலைக் காட்டினான்.
பொய் சொன்னவனுக்குப் புயலிலும் விடுமுறை இல்லை.

பிறகு தண்ணீர் வண்டி தடம்புரண்டது.
இருந்தது குடிக்க மட்டும்.
அஸர் நேரத்தில் அவர்கள்
மணலில் உள்ளங்கையை ஒற்றி
முகம் தடவி, கை தடவி, வரிசையில் நின்றார்கள்.
சூரியன் முதுகுக்குப் பின்னால்.
நீண்ட நிழல்கள் அவர்களை முந்திக்கொண்டு
நெற்றியைத் தரையில் வைத்திருந்தன.
வெல்டிங் கம்பியோடு நின்ற நான்
மண்ணாலும் கழுவ முடியுமென்றால் என்று நினைத்து
மேலே நினைக்காமல் விட்டேன்.

அன்று ஒன்பதுக்கு
மேல்மணல் குளிர்ந்திருந்தது;
விரலைப் புதைத்தால் பகலின் சூடு மிச்சம்.
பரமண்டலத்தில் தொடங்கி
ஆகாரத்தில் தடுக்கி நின்றேன்.
மறுபடி தொடங்கினேன். அதே இடத்தில் தடுக்கல்.
கூடாரத்துக்குள் யாருக்கோ இருமல் வந்தது.
வந்ததைப் பாதியில் அமுக்கிக்கொண்டார்,
எனக்காக.
அந்த இருமலைத்தான் சொன்னேன் அவரிடம்.
வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அதுதான் தொடக்கம் என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
மறுநாள் பத்து நிமிடம் முன்னதாகப் போனேன்,
அவ்வளவுதான்.

இரட்டை வேலை பார்த்த ஓர் இரவுக்குப் பின்
கிழக்கு வெளுக்கத் தொடங்கியும்
எவரும் எழவில்லை.
பாங்கு சொல்லும் ஹமாதியோ
வாய் திறந்தபடி குறட்டை.
தெத்தாவின் தோளைத் தொட்டேன். அசையவில்லை.
அவர்கள் மொழியில் எனக்குத் தெரிந்தது
சில விலைகள், நிறைய வசவு,
"போதும்", "இன்னும் கொஞ்சம்".
அப்புறம், விடிகாலையில் மட்டும் சொல்லும் அந்த ஒரு வரி,
எட்டு மாதமாய்ப் பாதித் தூக்கத்தில்
காதில் விழுந்து விழுந்து தங்கியது.
குனிந்து அதைச் சொன்னேன்:
தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது.

கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தான்.
"உச்சரிப்பு தப்பு" என்று முனகிவிட்டு
செருப்பைத் தேடாமலே
மற்றவர்களை எழுப்பப் போனான்.