எழுபத்திரண்டு கிலோ

கூடம் கோணல் என்பது இங்கே சாக்கு இல்லை.
பொவிஸ் மலைச்சரிவில்
பால் கறந்த கொட்டகை இது.
மூத்திரம் தானாக வாய்க்காலுக்கு ஓடட்டுமென்று
தரையைச் சாய்த்தே போட்டிருக்கிறார்கள்.
பசுக்களுக்குத் தொந்தரவில்லை.
ஐந்நூற்று முப்பது கிலோ காருக்கு
ஒரு விரற்கடைச் சாய்வு போதும்
பொய் சொல்ல.

வலது சக்கரத்தடியில் ஐந்து தரைவில்லை,
இடதுக்கு இரண்டு.
மேல் வில்லைக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஒரு கைப்பிடி உப்பு,
டயர் தன் இஷ்டத்துக்கு வழுக்கித் திரும்பிக்கொள்ள.
நீர்மட்டத்தின் குமிழி
கோடுகளுக்கு நடுவில் வந்து உட்கார
முக்கால் மணி நேரம்.

இருபுறமும் மீன்பிடி நூல்,
ஸ்டாண்டிலிருந்து ஸ்டாண்டுக்கு விறைப்பாக.
சுண்டினால் முனகுகிறது.
நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கு ஓர் அளவு,
பின்விளிம்புக்கு ஓர் அளவு.
இரண்டும் ஒன்றானால் சக்கரம் நேர்.
ஆனால் நேராக நிற்கும் சக்கரம்
நேராக ஓடாது;
ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்திடமும்
வழி கேட்டுக்கொண்டே போகும்.
எள்ளளவு உள்ளே திருப்பிவைக்க வேண்டும்,
சண்டைக்குப் பிறகு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்
ஓரக்கண்ணால் பார்ப்பதுபோல.

ஓட்டுகிறவனும் உள்ளே இருக்க வேண்டும்.
இல்லையென்றால் ஸ்பிரிங் நிமிர்ந்து நிற்கும்,
எடுத்ததெல்லாம் ஆளில்லாத காரின் அளவு.
கொரோன்விக்கு மர ஆலையில் இரவு ஷிப்ட்.
பாதி கார் அவனுடையது, பாதி என்னுடையது;
மலையேற்றப் பந்தயத்தில் ஓட்டுவது அவன்,
அடியில் படுப்பது நான்.
எடை எவ்வளவு என்று கேட்டேன்.
குறுஞ்செய்தி வந்தது: எழுபத்திரண்டு.

இருபத்தைந்து கிலோ உருளைக்கிழங்கு, இரண்டு மூட்டை.
நாய்த்தீனி பதினைந்து.
ஆடு நக்கும் உப்புக்கட்டி ஐந்து.
கணக்குத் தீர, மேலே இரண்டு கிலோ மைதா.
சீட் பெல்ட்டும் மாட்டிவிட்டேன்.

லாக் நட்டைத் தளர்த்தினால்
டை ராடுக்கு ஆறு முகம்.
இடதில் ஒரு முகம் திருப்பு,
வலதிலும் அதே ஒன்று,
இல்லாவிட்டால் ஸ்டியரிங் கோணிக்கொள்ளும்.
காரின் மூக்கை அழுத்தி மூன்று குலுக்கு.
மறுபடி நூல். மறுபடி ஸ்கேல்.
ஒன்றரை மில்லிமீட்டர்.
சுவரில் பென்சிலால் எழுதினேன்.

ஞாயிறு வந்து, 'வலதுக்கு இழுக்குது' என்றான்.
அடுத்த ஞாயிறும் இழுத்தது.
'உன் கொட்டகைதான் கோணல்' என்றான்
ஆடத் தெரியாதவன்.

மூன்றாம் வாரம்
மூட்டைகளை இறக்கிவிட்டு
அவனையே உட்காரச் சொன்னேன்.
வலது மூலை பெருமூச்சுவிட்டு இறங்கியது.
நூல் இருந்த இடத்தில்தான் இருந்தது;
நூலுக்கும் ரிம்முக்கும் இடையே
ஒரு மில்லிமீட்டரைக் காணோம்.
நான் ஸ்கேலைப் பார்த்தேன்.
அவன் கூரையைப் பார்த்தான்.
'பூட்ஸ் கனம்.'
சரி என்றேன்.
'உள்ளே கம்பளிச் சட்டை வேற.'
சரி.
மேரெட் பெட்டியோடு போனதிலிருந்து
அவன் அடுப்பு மூட்டுவதில்லை,
சாப்பாடு முழுக்கச் சிப்ஸ் கடையில்தான்
என்பது பள்ளத்தாக்குக்கே தெரியும்.
எழுபத்திரண்டு மட்டும்
அவள் இருந்த வருடத்திலேயே தங்கிவிட்டது.

தளர்த்தினேன். அரை முகம். இறுக்கினேன்.
ஹெல்மெட்டையும் போடச் சொன்னேன்,
அதற்கும் எடை உண்டே.
போட்டுக்கொண்டபின்
என்னைப் பார்க்க வேண்டியிராதது
அவனுக்கு வசதியாயிருந்தது.
எனக்கும்.

மழை விட்டதும்
நீர்த்தேக்கத்தை ஒட்டிய நேர்சாலைக்குப் போனோம்.
நான் காரில் ஏறவில்லை,
என் எடை இந்தக் கணக்கிலில்லை.
கல்சுவர்மேல் உட்கார்ந்திருந்தேன்.
அறுபது மைல் வேகத்தில்
இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு
கடந்து போனான்.
முட்டாள்.

'நூல் பிடிச்ச மாதிரி' என்றான் திரும்பி வந்து.

கொட்டகைச் சுவரில் புது எடை எதையும்
நான் எழுதவில்லை.
ஒன்றரையை மட்டும் அடிக்கோடிட்டேன்.
மூட்டையில் உருளைக்கிழங்கு முளைவிடத் தொடங்கியிருந்தது.
பாதியை
அவன் வீட்டுவாசலில் இறக்கினேன்.