பாகம் இரண்டில் கரண்ட் போவதில்லை

முதல் பாகத்தில் எனக்கு ஒரே வேலை:
பீசைப் பிடுங்குவது.
காக்கிச் சட்டை, கக்கத்தில் ரப்பர் கையுறை,
ஏணியில் ஏறி நிற்பேன்.
கீழே, காரணம்பேட்டைக் கிரஷர் மேட்டில்
'கல்லுக்குழி' என்கிற ராக் குழு முழங்கும்.
ராக்குன்னா பாறைதானுங்களே? என்பான்
டிரம்ஸ் ஜோதிமுருகன்.
படம் முழுக்க அவனுக்கு அந்த ஒரே வசனம்.
ஜல்லித் தூசிதான் மேடைப் புகை.
நாச்சிமுத்து கண்ணை மூடி
கிட்டாரை வானத்துக்குத் தூக்கி
விரல் மேலே ஏற ஏற
உச்சிக்கு ஒரு சுரம் இருக்கையில்
நான் பிடுங்குவேன்.

இருட்டு.
இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:
"போச்சாதுங்க, எட்டு மணிக்கு வந்துரும்."

ஏழு தடவை வரும் அந்தக் காட்சி.
ஏழு தடவையும் சிரித்தார்கள்.
அந்த வருஷம் எல்லார் வீட்டிலும் அப்படித்தானே,
தறி பாதி முழத்தில், கிரைண்டர் பாதி மாவில்.
சூலூர்ச் சந்தையில் ஒருத்தர்
எனக்குத் தக்காளி தரமாட்டேன் என்றார்:
"நீதான புடுங்குனவன்?"

பதிமூன்று வருஷம் கழித்து இரண்டாம் பாகம்.
தாரகேஸ்வரி போன் பண்ணினாள்,
முதல் படம் எடுக்கையில் காலேஜ் பிள்ளை,
இப்போது கோயமுத்தூரில் விளம்பரப் படக் கம்பெனி.
"கோவிச்சுக்காதீங்கண்ணா,
இப்பத்தான் கரண்டே போறதில்லையே,
உங்க கேரக்டர் எடுபடாது."
சரியம்மிணி என்றேன்.
சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன்,
காக்கிச் சட்டையை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு.

அன்றைக்குத் தலையணை வைத்துக் கட்டிய தொந்தி
இன்றைக்கு நாச்சிமுத்துவுக்குச் சொந்தம்.
மிச்சமான காசில் டோப்பா வாங்கியிருந்தார்கள்.
பேஸ் கிட்டாரை மாட்டிய ஆரோக்கியதாஸ்
முட்டி வலிக்குதென்று நாற்காலி கேட்டான்.
நடிக்கிறான் என்று நினைத்து
மூன்று கேமராவும் அவனை எடுத்தன.

பொழுது இறங்கி அதே மேடு, அதே உச்சி.
விரல் ஏறுகிறது.
ஒரு சுரம் பாக்கி.
கரண்ட் இருக்கிறது.
'சோலோவை முடிக்கிறான்' என்று
காகிதத்தில் ஒரே வரி.
நாச்சிமுத்து முடிவைக் கற்றதே இல்லை.
எதற்குக் கற்க?
அதுக்கு மேலே எப்பவும் இருட்டுத்தானே இருந்தது.

கண்ணைத் திறந்தான்.
கேமராவைப் பார்க்கவில்லை.
கூட்டத்துக்குள் என்னைத் தேடினான்.
மெயின் பெட்டி எனக்கு நாலடி தூரம்.
போனேன். மூடியைத் திறந்தேன்.
கை நடுங்கிக்கொண்டு நின்றேன்,
அவனுக்கு நல்லது செய்வதா
படத்துக்கு நல்லது செய்வதா தெரியாமல்.

ஒரு சுரத்தைத் தொட்டான். தப்பு.
கட்டுத்தறியில் கன்றுக்குட்டி கத்தின மாதிரி.
இன்னொன்று. அதைவிடத் தப்பு.
யாரும் சிரிக்கவில்லை.
அப்போது பக்கத்துக் குவாரியில்
வெடிச் சங்கு ஊதியது.
சங்கு எந்த சுரமோ
நாச்சிமுத்து அதைப் பிடித்துக்கொண்டான்.
விடவில்லை.
பாறை வெடிக்கும்வரை விடவில்லை.
ஜோதிமுருகன் தன் ஒற்றை வசனத்தைச் சொல்ல
வாயைத் திறந்தவன்
மூடிக்கொண்டான்.

தாரகேஸ்வரி "கட்" என்றாள்.

எனக்குக் கேட்டது அந்த ஒரு சொல்தான்.
கை பழைய கை.
பிடுங்கிவிட்டது.

டைட்டிலில் என் பேர் இல்லை.
இருட்டு மட்டும் வருகிறது, நாலு நொடி.
ஒண்டிப்புதூர் தியேட்டரில்
எல்லாரும் கரண்ட் போச்சென்று நினைத்து
மேலே பார்த்தார்கள்.