இரண்டாவது தேர்வு

கடைசி இடத்தில் முடிப்பவனுக்கு
அடுத்த ஆண்டு முதல் தேர்வு.
எங்கள் எல்லை லீக்கின் சட்டம் அது.
பந்திக்குப் பிந்தியவனுக்குத் தலைவாழை இலை
என்று மயில்சாமி விளக்குவான்.

மார்கழியில் அணியைக் கலைத்தேன்.
நடுக்களத்தை மஞ்சேரிக்கு விற்றேன்.
விங்கர்கள் இருவரையும் பொள்ளாச்சிக்கு.
கேப்டனை ஒரு பழைய வேனுக்கும்
நான்காம் சுற்றில் ஒரு தேர்வுக்கும்.
வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டும்போதெல்லாம்
அந்த வேன்
அவனைப் போலவே இடப்பக்கம் இழுக்கிறது.

முதலாளிக்கு முதலமடையில் மாந்தோப்பு.
"எப்போ காய்க்கும்?" என்றார்.
கிழட்டு மரத்தைத் தலைவெட்டி
மல்கோவா ஒட்டுக்கட்டினால்
எத்தனை வருஷம் என்று கேட்டேன்.
"மூணு."
"அதேதான்."
கொஞ்ச நேரம் கணக்கு நோட்டைப் புரட்டினார்.
"காய்க்கிற மரத்துக்குத்தான் கல்லடி.
உன் அணி காய்க்காமலே வாங்குதே."

மாசியில் கடைசி ஆட்டம்,
கொழிஞ்சாம்பாறையில், சொந்த மைதானத்தில்.
தோற்றால் எட்டாம் இடம்.
எட்டாம் இடம் என்றால் அன்ஷிஃப்:
வயது பத்தொன்பது, இரண்டு காலிலும் அடி,
பதினேழு ஆட்டத்தில் இருபத்திரண்டு கோல்,
யாருக்கும் பந்து தரமாட்டான், தரவும் வேண்டாம்.

நான் யாரையும் தோற்கச் சொல்லவில்லை.
நல்ல ஸ்டாப்பரை உட்காரவைத்தேன்.
காய்ச்சல் என்று எழுதினேன்.
அவனுக்குக் காய்ச்சல் இல்லை.

எண்பத்தெட்டாம் நிமிடம்.
ஒன்றுக்கு ஒன்று.
அவர்களுக்குப் பெனால்டி.
மேற்கு வலையில் உதுமான்,
முகத்துக்கு நேரே கணவாய்க் காற்று.
ஒரு சிட்டிகை புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டான்,
அது போன திசையைப் பார்த்தான்,
அரை அடி நகர்ந்து நின்றான்.

பந்து அவன் நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது,
அனுப்பிய விலாசத்துக்குக் கடிதம் போல.

கேலரி எழுந்து கூத்தாடியது.
எங்கள் பெஞ்சில் யாரும் கைதட்டவில்லை.
உதுமான் திரும்பிப் பார்த்தான்.
அவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டாம்.

ஒரு புள்ளி.
ஏழாம் இடம்.

வைகாசியில் சித்தூர்க் கல்யாண மண்டபம்.
முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரம் வாசலில் சாய்ந்திருக்க
எட்டு மேஜை, எட்டு மைக்.
டீ ஆறுவதற்குள் அன்ஷிஃபை ஷொர்ணூர் எடுத்துக்கொண்டது.
எனக்கு இரண்டு நிமிடம்.
திருச்சூர் விங்கர், திருச்சூர் விங்கர் என்று
பின்வரிசையில் முணுமுணுப்பு.
நான் என் முறையைப் பொள்ளாச்சிக்குக் கொடுத்தேன்,
அவர்களுடைய ஐந்தாவதையும் பதினொன்றாவதையும் வாங்கினேன்.
மயில்சாமி தலையில் கைவைத்தது
மைக்கில் கேட்டது.

ஐந்தில் நஞ்சன், அட்டப்பாடிப் பையன், லெஃப்ட் பேக்.
அவனைக் கடந்து போனவர்களை
நோட்டில் எண்ணியிருக்கிறேன்: நான்கு பேர்.
பதினொன்றில் வண்ணாமடை சகாயநாதன்.
முழங்கால் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தேன்,
மாடு வாங்குகிறவனைப் போல.
எனக்கே கூச்சமாக இருந்தது.

மிச்சமிருந்தது சம்பளப் பட்டியல்.
முப்பதைத் தாண்டியவர்களை விடுவி:
முதல் பக்கத்து முதல் விதி, என் கையெழுத்து.
உதுமான், முப்பத்தாறு, மாதம் பதினெட்டாயிரம்.
அந்தப் பணத்துக்கு இரண்டு பையன்கள் வருவார்கள்.
பென்சிலை அந்த வரியில் வைத்தபடி
மண்டபத்தை விட்டு வெளியே வந்தேன்.

வேனை ஓட்டிவந்ததே அவன்தான்.
டிரைவரையும் மார்கழியில் நிறுத்தியிருந்தோம்.

நல்லேப்பிள்ளி தாண்டும்வரை பேசவில்லை.
கள்ளு வண்டி ஒன்றுக்கு வழிவிட்டான்.
"யாரு சாரே கிடைச்சது?"
"நஞ்சன்."
"லெஃப்டா?"
"லெஃப்ட்."
"நல்லது.
என் இடப்பக்கம்
ரெண்டு வருஷமா ஓட்டை சாரே."

நோட்டு மடியில் திறந்தே கிடந்தது.
வேன் இடப்பக்கம் இழுத்தது.
அவன் ஸ்டியரிங்கை வலப்பக்கம்
கொஞ்சம் பிடித்தே வைத்திருந்தான்,
வீடு வரும்வரை.