மூன்று அங்குலம்

ஐந்தாம் ஆண்டுக் குலுக்கலில் விழுந்தது சீட்டு:
ஒரே ஒரு கலைமான், பதினைந்து நாள்,
ரூபி மலையின் கிழக்குச் சரிவு.

எல்கோ கடையில் ஃபெர்மின்
கண்ணாடிப் பெட்டிமேல் தோட்டாக்களை நிறுத்துகிறான்,
பித்தளைப் பிள்ளைகள், உயரவாரியாக.
"ஏழு மில்லிமீட்டர் மேக்னம். அறுநூறு கஜத்திலும்
பட்டால் பட்டதுதான்."
பக்கத்தில் டூ-செவன்ட்டி, அவன் அப்பன் காலத்தது.
கடைசியில் ஆறரை க்ரீட்மோர்;
அதை மட்டும் விரல் நுனியால் தள்ளுகிறான்,
மீதிச் சில்லறை போல.

நான் தங்கச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவள்.
இருநூற்றைம்பது டன் பாறை
என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வரும்.
பெரியது எதுவும் என்னை மிரட்டாது என்று
ஊரோடு சேர்ந்து நானும் நம்பியிருந்தேன்.

போன தடவை மேக்னம்தான். முந்நூறு கஜம்.
பின்னங்கால் தொங்கத் தொங்க
ஜூனிபர் மரங்களுக்குள் போனது அந்தக் கலை.
இருட்டும்வரை தேடினோம், மறுநாளும்.
காசளவு ரத்தம் ஒரு கல்லில். அப்புறம் அதுவும் இல்லை.
"காற்று" என்றேன்.
வெர்ன், என் தங்கை புருஷன், "ஆமாம்" என்றான்.
அன்று எங்கள் அடுப்புப் புகைகூட
நேராகத்தான் எழுந்தது.

இந்த ஆகஸ்டில், வறண்ட ஏரிப் படுகையில்,
என் துப்பாக்கியை வாங்கி
முதுகைக் காட்டி நின்று நிரப்பித் தந்தான் வெர்ன்.
மூன்று முறை இடி.
நான்காவது, டிக்.
உள்ளே ஒன்றுமில்லை.
ஆனாலும் குழல் குதித்தது,
தோள் சுருங்கியது, இமை இறுகியது,
வராத அடிக்கு
உடம்பு மொத்தமும் குனிந்துவிட்டது.
அவன் என்னைப் பார்க்கவில்லை, நல்லவன்.
மலையைப் பார்த்துச் சூயிங்கம் மென்றான்.

அன்றிரவு சமையலறை மேசையில் கணக்கு.
நானூறு கஜம், பக்கக் காற்று மணிக்குப் பத்து மைல்:
மேக்னத்தைவிட ஆறரை
மூன்று அங்குலம் கூடுதலாய்த் தாழும்.
காற்றில் ஒன்றோ இரண்டோ அதிகம் ஒதுங்கும்.
நான் கண்ணை மூடினால்?
ஓட்டை விழுந்த அட்டையை எடுத்து அளந்தேன்.
நூறு கஜத்திலேயே ஒன்பது.

"முயலுக்கா?" என்றான் ஃபெர்மின்.
"மானுக்குத்தான். இரண்டு பெட்டி கொடு."

துப்பாக்கிக் கட்டையில் வெள்ளை டேப் ஒட்டி
முந்நூறு, முந்நூற்றைம்பது, நானூறு,
எதற்கு எவ்வளவு உயர்த்த வேண்டுமென எழுதினேன்.
அதற்குக் கீழே இடமிருந்தது.
விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் விடியலில் வந்தது:
கோவேறு கழுதைக் காது,
கவிழ்த்துப் போட்ட நாற்காலியாய்க் கொம்பு.
தூரமானியில் நானூற்று அறுபத்து மூன்று.
நான்கு காலையும் ஒன்றாய் ஊன்றித் துள்ளித் துள்ளி
முகட்டில் நின்று திரும்பிப் பார்த்தது.
இந்த இனத்துக்கே அப்படியொரு பழக்கம்,
பாதிச் சாவு அதனால்தான்.
டேப்பில் அந்த எண் இல்லை.
வெர்ன் சீஸ் வெட்டிக் கத்தியோடு நீட்டினான்.
தின்றேன்.

ஏழாம் நாள். முந்நூற்றுப் பத்து.
சின்னது, ஒரு பக்கக் கொம்பு முறிந்தது.
பாதி வழியில் புல் லேசாய் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
பாதி மூச்சை விட்டேன்.
பின்னால் நின்று யாரோ கூப்பிட
தோளைத் தொட்டதுபோல் ஒரு தட்டு.
நான் கண்ணாடிக்குள்ளேயே இருந்தேன்.
விலாவில் மயிர் தூசியாய் எழும்பியதை,
முன்னங்கால் மடிந்ததை,
செம்பட்டைப் புல் மேலே மூடியதை
பார்த்தேன்.
இத்தனை வருடச் சுடுதலில்
இதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஆளுக்கொரு தொடையைச் சுமந்து இறங்கும்போது
வெர்ன் கேட்டான்:
"அன்றைக்குக் காற்று இருந்ததா?"

"இல்லை" என்றேன்.

ஓடைக்கரையில் பாரத்தை இறக்கி
தோள் மாற்றிக்கொண்டோம்.