சேணத்தின் எடை

வென்றவன்தான் எழவில்லை.

ஹங்காய் மலையடியில் ஜூலைப் புல்,
நாதாம் மற்போரின் ஆறாம் சுற்று.
கோன்சிக்கின் முழங்கை மண்ணைத் தொட்டதும்
கூட்டம் ஆர்த்தது, தொப்பிகள் பறந்தன.
அவனைச் சாய்த்த தோமோர்ஹுயாக் மட்டும்
தன் வலக்கையை இடக்கையில் ஏந்தி,
யார் வீட்டுக் குழந்தையையோ வைத்திருப்பவன்போல்
உட்கார்ந்திருந்தான்.

மாவட்ட மருத்துவமனையில் எனக்கு இது இரண்டாம் கோடை.
தொடுமுன்பே தெரிந்தது:
உருண்டிருக்க வேண்டிய தோள்
அலமாரி மூலைபோல் துருத்தி நின்றது.
பந்து கிண்ணத்தை விட்டு வெளியே.

இடுப்பு மூட்டு கருமி.
தொடையெலும்பின் தலையை ஆழக் குழியில்
அமுக்கி வைத்துக்கொள்ளும், லேசில் விடாது.
தோள் ஊதாரி.
கிண்ணம் என்பதே மரியாதைக்குச் சொல்வது;
உண்மையில் அது தேநீர்த் தட்டு.
அதன்மேல் பந்தை வைத்து
எந்தத் திசையிலும் சுற்றிக்கொள் என்று விட்டுவிட்டது.
விட்டதற்கு இன்று வட்டி.

நான் இழுக்கவில்லை. என் எடை ஐம்பது கிலோ.
எதிரே டெல்டாய்டு, விறைத்த முக்கோணம்.
மார்புத்தசை விசிறியாய்ப் புறப்பட்டு
ஒரே நாணில் குவிந்து கையை உள்ளே இழுக்கிறது.
இருதலைத் தசை இரண்டு தலையாலும் மாட்டேன் என்கிறது.
எல்லாம் வரித்தசைகள், அவன் சொல் கேட்பவை.
பயந்துவிட்டால் யார் சொல்லும் கேட்காதவை.

தசைக்குத் தள்ளத் தெரியாது.
தள்ளி வீழ்த்தினேன் என்று மல்லர்கள் சொல்வது
வெளியிலிருந்து பார்க்கும்போது சரி.
உள்ளே இழுப்பு மட்டும்தான்:
தடித்த இழை மெல்லிழையைப் பற்றி,
விட்டு, மேலே பற்றி, விட்டு, மேலே பற்றி.
இழைகள் குறுகுவதில்லை,
ஒன்றுக்குள் ஒன்று புகுகின்றன. தசைதான் குறுகுகிறது.
மடக்கும் தசை இழுக்க வேண்டுமானால்
நீட்டும் தசை இளக வேண்டும்.
பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது இது.
அப்போது இதில் மனிதர்கள் இல்லை.

இரண்டு பீப்பாய், ஒரு பலகை.
குப்புறப் படுக்க வைத்தோம், கை கீழே தொங்கியது.
மணிக்கட்டில் கட்ட ஐந்து கிலோ வேண்டும் என்றேன்.
ஐராக் கேன் ஒழுகியது. கல் நழுவியது.
நாளைய பந்தயத்துக்கு வந்த ஒரு சிறுமி
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு
தன் சேணத்தைக் கழற்றிக் கொடுத்தாள்.

காத்திருந்தோம். வலியை மறக்கடிக்க
வாய்க்கு வந்ததைப் பேசினேன்:
உன் கட்டைவிரல் அடியிலும் ஒரு சேணம் இருக்கிறது,
எலும்பின்மேல் எலும்பு ஏறி உட்கார்ந்திருக்கிறது,
அதனால்தான் உன்னால் ஒருவன் சட்டையைப் பிடிக்க முடிகிறது.
பலகைக்கு அடியிலிருந்து குரல் வந்தது:
"ஓட்டுவது யார்?"

கோன்சிக் பக்கத்திலேயே குந்தியிருந்தான்.
வென்றவன் கைக்கீழ் நுழைந்து போகும்வரை
அவன் தோல்வி முடியாது.
ஈ விரட்டினான். சேணம் ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

இருபது நிமிடம். முதலில் மார்பு களைத்தது,
பிறகு கழுத்தோரம், பிறகு எது என்று தெரியவில்லை.
டொக்.
ஆட்டுக் கணுக்காலெலும்பு இரண்டு
பைக்குள் மோதிக்கொண்டாற்போல்.

தோளின் வெளிப்புறம் ஊசிமுனையால் தொட்டேன்.
"தெரியுது" என்றான். நரம்பு பிழைத்தது.
முழங்கையை மடக்கித் தூளி கட்டினேன்.
மூன்று வாரம் தூக்கக்கூடாது.

தூக்காமல் எப்படி என்றார் நடுவர்,
தோற்றவன் கைக்கீழ் போக வேண்டுமே.
இடக்கை? யாரும் பதில் சொல்லவில்லை.

கோன்சிக் எழுந்தான். ஆறடி மூன்றங்குலம்.
முழங்கால் கீல்கள் மடிந்தன, இடுப்பு மடிந்தது,
முதுகின் முள்ளெலும்புகள் ஒவ்வொன்றாக
கொஞ்சம் கொஞ்சம் வழிவிட,
கழுத்தின் முளையில் தலை ஒருக்களித்துத் திரும்ப,
என் தூளிக்குக் கீழே இருந்த ஒரு முழ இடைவெளியில்
துணி உரசாமல் நுழைந்து
அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தான்.
எத்தனை மூட்டு என்று எண்ணத் தொடங்கி
விலா வரைக்கும் வந்து விட்டுவிட்டேன்.

சிறுமி சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு
வாரை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.
நீண்டுவிட்டது என்றாள்,
என்னைப் பார்த்து.